நீச்சலில் என் பயிற்சி வேகம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிருஷ்ணகிரியிலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே சந்தேகம் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படும். உங்களுக்கு வயது 41. சிறுவயதில் ஊர்க் கிணற்றில் பழகிய நீச்சல். ஒரு வருடமாக வாரம் நான்கு நாள் காலையில் குளத்துக்குப் போகிறீர்கள். நாற்பது லேப், அதாவது 1 கிலோமீட்டர், 27 நிமிடத்தில் முடிகிறது. முதல் 100 மீட்டர் 2 நிமிடம் 5 நொடி. கடைசி 100 மீட்டர் 3 நிமிடம் 10 நொடியைத் தாண்டிவிடுகிறது. தினமும் முழு மூச்சாக நீந்தியும் ஆறு மாதமாக அந்த 27 நிமிடம் குறையவே இல்லை. இன்னும் வேகமாக நீந்த வேண்டுமா? கூட நீந்தும் நண்பர் 100 மீட்டரை 1:45இல் முடிக்கிறார், அவரோடு ஒட்டி நீந்தினால் வேகம் வந்துவிடுமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

நேராகச் சொல்கிறேன். உங்கள் சிக்கல் அந்த 27 நிமிடத்தில் இல்லை, முதல் 2:05இல் இருக்கிறது. முதல் நூறை மெதுவாக நீந்தக் கற்றுக்கொள்ளும்வரை மற்ற எந்தப் பயிற்சியும் உங்களுக்குப் பெரிதாக உதவாது.

நான் தருமபுரிக்காரன். பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிணற்றில்தான் நானும் பழகினேன். நாற்பது வயதுக்கு அப்புறம்தான் லேன் கயிறு கட்டிய குளத்தில் இறங்கினேன். இப்போது சில வருடங்களாக, வயதுக்கு வந்தபின் நீச்சலுக்கு வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். உங்கள் எண்களைப் படித்ததுமே இவர் கிணற்று நீச்சல்காரர் என்று நினைத்தேன். அடுத்த வரியில் நீங்களே அதைச் சொல்லியிருந்தீர்கள்.

நம் பக்கத்துப் பாசனக் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். முதுகில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுவையை, மிதவையாகக் கட்டி இறக்கிவிடுவார்கள். நாலு நாள் கழித்து அதை அவிழ்த்துவிடுவார்கள். அப்புறம் மோட்டார் ரூம் திட்டிலிருந்து குதித்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பத்துப் பன்னிரண்டு கை போட்டு, எதிர்ப்பக்கத்துக் கல்லைப் பிடித்தால் அது ஒரு நீச்சல். பிடித்த கல்லில் தொங்கிக்கொண்டு பேசுவோம், சிரிப்போம், மூச்சு வந்ததும் மறுபடி பாய்வோம். அந்தப் பன்னிரண்டு கைக்கு வேகத்தைப் பங்கிடவேண்டிய தேவையே இல்லை. தலை தண்ணீருக்கு மேலே நிற்கும், கால் முட்டியிலிருந்து அடிக்கும், கை அவசரமாகச் சுழலும். அது அந்த இடத்துக்குப் பொருத்தமான, அழகான நீச்சல். தண்ணீர்ப் பயம் இல்லாமல் வளர்ந்தது பெரிய சொத்து. நகரத்தில் வளர்ந்து நாற்பதில் கற்றுக்கொள்பவர்கள் அதற்கே ஆறு மாதம் பாடுபடுகிறார்கள். ஆனால் கிணறு நமக்கு ஒரே ஒரு கியரைத்தான் கொடுத்தது. குளத்தில் 1 கிலோமீட்டர் நீந்த அந்த ஒரு கியர் போதாது.

ஏன் போதாது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதில் நகரும்போது எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய அளவுக்கு, ஏற்பக் கூடுகிறது. அந்த எதிர்ப்பைத் தாண்ட உடல் போடவேண்டிய சக்தி ஏறத்தாழ மும்மடிக்கு, அதாவது அதை இன்னொரு முறையும் வேகத்தால் பெருக்கிய அளவுக்கு, ஏற்பக் கூடுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் சக்தி 33 சதவீதம் கூடுதலாக வேண்டும். உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். 27 நிமிடத்தில் 1 கிலோமீட்டர் என்றால் சராசரியாக 100 மீட்டருக்கு 2:42. முதல் நூறை 2:05இல் நீந்துகிறீர்கள், அதாவது சராசரியைவிட சுமார் 30 சதவீதம் கூடுதல் வேகம். அந்த 2 நிமிடமும் உங்கள் உடல் இரண்டு மடங்குக்கும் மேலான சக்தியைக் கொட்டுகிறது. கிடைத்த லாபம் 37 நொடி. அந்தக் கடனை மீதி 900 மீட்டர் முழுக்க அடைக்கிறீர்கள்.

ஓட்டத்தில் களைத்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். நீச்சலில் களைத்தால் உடலின் கிடையே, அதாவது தண்ணீரில் உடல் படுத்திருக்கும் நிலையே, கெட்டுவிடும். மூச்சு வாங்குவதால் தலையைத் தூக்குகிறோம், தலை தூக்கினால் இடுப்பும் காலும் இறங்குகின்றன, கால் இறங்கினால் எதிர்ப்பு கூடுகிறது. சக்தி குறைந்த நேரத்தில்தான் எதிர்ப்பும் கூடுகிறது. உங்கள் கடைசி நூறு 3:10 ஆவது இதனால்தான். ஆறு மாதமாக நீங்கள் வாரத்துக்கு நாலு நாள் பழகியது வேகத்தை அல்ல. முதல் ஐந்து நிமிடத்தில் களைப்பதையும், மீதி இருபது நிமிடம் கெட்ட கிடையில் நீந்துவதையும்தான். உடல் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதில் தேறிவிடும், அது நல்லதோ கெட்டதோ.

சரி, இப்போது அளப்பதற்கு வருவோம்.

வேகத்தைக் கணிக்கும் முன் குளத்தை அளந்துவிடுங்கள். மேஸ்திரியிடம் 30 மீட்டர் டேப்பு இருக்கும், ஒரு நாள் வாங்கி வாருங்கள். விளம்பரப் பலகையில் 25 மீட்டர் என்று எழுதியிருக்கும் தனியார் குளங்களில் பல, அடிக்கணக்கில் கட்டப்பட்டவை. 75 அடி என்றால் 22.86 மீட்டர்தான். அதில் நாற்பது லேப் போட்டால் 1,000 மீட்டர் இல்லை, 914 மீட்டர். உங்கள் குளம் அப்படிப்பட்டதாக இருந்தால் உங்கள் சராசரி 2:42 இல்லை, 2:57. ஓசூரில் ஒரு குடியிருப்புக் குளத்தில் இரண்டு மாதம் நீந்தினேன். 25 மீட்டர் என்று சொன்னார்கள். அளந்தால் சரியாக 60 அடி, 18.29 மீட்டர். அதுவரை நோட்டில் எழுதி வைத்திருந்த நேரமெல்லாம் வீணாகப் போனது, மனது மிகவும் வருந்தியது. உங்களுக்கு அது நேர வேண்டாம். இன்னொன்று, லேப் என்ற சொல்லை நம் ஊரில் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். சிலருக்குப் போவது ஒரு லேப், சிலருக்குப் போய்வருவது ஒரு லேப். நண்பரின் நேரத்தோடு ஒப்பிடும்போது இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீளம் வேறான குளங்களின் நேரங்களை அப்படியே ஒப்பிடவும் கூடாது. சுவரை உதைத்துக் கிளம்பும்போது மூன்று நான்கு மீட்டர் சும்மா கிடைக்கிறது. குட்டைக் குளத்தில் அந்த உதை அடிக்கடி வரும், நேரம் நன்றாகத் தெரியும். அதே ஆள் 50 மீட்டர் குளத்துக்குப் போனால் 100 மீட்டருக்குச் சில நொடிகள் கூடத்தான் ஆகும். வேகம் குறைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

அடுத்தது ஒரு கடிகாரம். நம் பக்கத்துக் குளங்களில் நீச்சலுக்கென்று செய்த பெரிய நொடிக் கடிகாரம் அரிது. நாங்கள் சிவப்பு நொடிமுள் உள்ள சாதாரணச் சுவர்க் கடிகாரம் ஒன்றை வாங்கி, லைஃப் கார்டு நாற்காலியின் கைப்பிடியில் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம். முள் 12ஐத் தொடும்போது கிளம்புவது, சுவரைத் தொட்டதும் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கையின் அசைவையும் திரும்புவதையும் வைத்துத்தான் லேப்பை எண்ணுகிறது. நடுவில் யாராவது குறுக்கே வந்து நின்றுவிட்டால் ஒரு லேப்பைக் கூட்டும். பலகையைப் பிடித்துக் கால் மட்டும் அடித்தால் எண்ணாமலே விடும். குளத்தின் நீளத்தைத் தவறாகப் பதித்திருந்தால் எல்லா எண்ணும் தவறு. தண்ணீருக்குள் மணிக்கட்டில் எடுக்கும் இதயத் துடிப்பையும் நம்பாதீர்கள். துடிப்பு தெரியவேண்டுமென்றால் சுவரைத் தொட்டதும் கழுத்தில் விரல் வைத்து 10 நொடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். நீந்தும்போது உடல் படுத்த நிலையில், குளிர்ந்த தண்ணீரில் இருப்பதால், ஓடும்போது வரும் துடிப்பைவிட நிமிடத்துக்குப் பத்து வரை குறைவாகவே காட்டும். ஓட்டத்துக்கான துடிப்புக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள்.

இனி சோதனை. ஜப்பானில் வகாயோஷி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் நீச்சலுக்காக முன்வைத்த முறை இது. இன்று உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் கையாள்கிறார்கள். ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகக் களைக்காமல் நீண்ட நேரம் தாங்கக்கூடிய வேகத்தின் எல்லையை இரண்டே நீச்சலில் கண்டுபிடிக்கும் முறை. இதைத் தாங்குவேகம் என்று சொல்லிக்கொள்வோம்.

கூட்டம் இல்லாத ஒரு காலையில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் செய்யுங்கள். முந்தின நாள் கடுமையாக நீந்தியிருக்கக் கூடாது. 300 மீட்டர் நிதானமாக நீந்தி உடலைச் சூடேற்றுங்கள். பிறகு 400 மீட்டர், உங்களால் முடிந்த அளவு நல்ல நேரத்தில். குதித்துக் கிளம்ப வேண்டாம், சுவரை உதைத்தே கிளம்புங்கள். பத்து நிமிடம் மெதுவாகக் கை கால் அசைத்து ஆறுங்கள். அப்புறம் 200 மீட்டர், அதையும் முடிந்த அளவு நன்றாக. கரையில் ஒருவர் நின்று ஒவ்வொரு நூறின் நேரத்தையும் எழுதினால் மிகவும் நல்லது. 400இன் நேரத்திலிருந்து 200இன் நேரத்தைக் கழித்து, பாதியாக்குங்கள். அதுதான் 100 மீட்டருக்கு உங்கள் தாங்குவேகம். எடுத்துக்காட்டாக, 400 மீட்டர் 10:20, அதாவது 620 நொடி. 200 மீட்டர் 4:56, அதாவது 296 நொடி. வித்தியாசம் 324, பாதி 162 நொடி. 2:42.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை நிறையப் பேர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உங்களைப்போல முதல் நூறில் பாய்பவர்கள் இந்தச் சோதனையை உடனே செய்தால் விடை தவறாக வரும். 400ஐத் தொடக்கத்தில் கொட்டி நீந்தினால் மொத்த நேரம் நீண்டு, தாங்குவேகம் உண்மையைவிட மெதுவாகத் தெரியும். மாறாக, 400இல் களைத்துப்போய் 200ஐ அரைமனதாக நீந்தினால் வித்தியாசம் சுருங்கி, தாங்குவேகம் உண்மையைவிட வேகமாகத் தெரியும். அந்த எண்ணை நம்பிப் பயிற்சி செய்தால் ஒரே வாரத்தில் திணறிப்போவீர்கள். 400இல் நான்கு நூறுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஆறேழு நொடிக்குள் அடங்கினால் அந்தச் சோதனையை நம்பலாம். உங்களுக்கு இப்போது முதலுக்கும் கடைசிக்கும் 65 நொடி வித்தியாசம். ஆகவே மூன்று நான்கு வாரம் சீராக நீந்தப் பழகிவிட்டு, பிறகு சோதனைக்கு வாருங்கள்.

சீராக நீந்தப் பழகுவது எப்படி? இதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

எங்கள் குளத்துக்கு ஒரு அக்கா வருகிறார், ராயக்கோட்டைப் பக்கம், 48 வயது. அவரும் கிணற்று நீச்சல்தான். முதல் நூறை இன்னும் 20 நொடி மெதுவாகப் போங்கள் என்றேன். இரண்டு முறை முயன்றுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போனா மூழ்கிடுறேன்ணா, வேகமாப் போனாத்தான் மிதக்குது" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. தலையைத் தூக்கி நீந்துபவருக்கு வேகம்தான் காலைத் தாங்குகிறது. வேகத்தைக் குறைத்ததும் கால் இறங்கிவிடும். அவரைச் சுவரை உதைத்து, கை இரண்டையும் நீட்டி, தரையில் உள்ள கறுப்புக் கோட்டைப் பார்த்தபடி அசையாமல் மிதந்து போகச் சொன்னேன். முதல் தடவை கால் இறங்கியது. மோவாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, நெஞ்சைத் தண்ணீரில் அழுத்துங்கள் என்றேன். மூன்றாவது தடவை குதிகால் இரண்டும் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டன, கரையிலிருந்து பார்த்தேன். அப்புறம் தலை தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சைத் தொடர்ந்து குமிழியாக விடச் சொன்னேன். அதுவரை அவர் மூச்சை அடக்கி வைத்திருந்து, தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் விடுவதையும் இழுப்பதையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார். பாதி மூச்சுத் திணறல் அதனால்தான். பத்து நாளில் மெதுவாக நீந்த வந்துவிட்டது. மெதுவாக நீந்த முடியாததற்குப் பெரும்பாலும் காரணம் உடலின் கிடைதான், மனதின் அவசரம் இல்லை. உங்களையும் யாராவது கைபேசியில் பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

கிடை சரியானதும் பத்து ஐம்பதுகள் போடுங்கள். ஒவ்வொரு 50 மீட்டருக்குப் பிறகும் 15 நொடி ஓய்வு. பத்தும் ஒரே நேரத்தில் வரவேண்டும், அது ஒன்றுதான் குறிக்கோள். உங்களுக்கு 1:24 அல்லது 1:25இல் தொடங்கலாம். முதல் மூன்றும் அநியாயத்துக்கு எளிதாகத் தெரியும், இதற்காகவா குளத்துக்கு வந்தோம் என்று தோன்றும். ஏழாவது எட்டாவதில்தான் அந்த வேகத்தின் விலை தெரியும். பத்தாவதும் முதலாவதும் இரண்டு நொடிக்குள் இருந்தால் அடுத்த முறை ஒரு நொடி குறைத்துப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து ஐம்பதை நூறாக்குங்கள்.

இதோடு ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் மிகவும் நம்புவது இது. சுவரைத் தொட்டதும் கடிகாரத்தைப் பார்க்கும் முன், என்ன நேரம் வந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பாருங்கள். முதல் வாரம் 100 மீட்டருக்கு 15 நொடி தப்பாகச் சொல்வீர்கள். ஒரு மாதத்தில் அது மூன்று நான்கு நொடிக்கு வந்துவிடும். வேகத்தைக் கணிப்பது என்பது இந்தத் திறமைதான். கடிகாரம் சொல்லும் நேரம் நீந்தி முடித்த பிறகுதான் தெரிகிறது. வேகத்தைத் திருத்த வேண்டியதோ நீந்திக்கொண்டிருக்கும்போது. கை தண்ணீரைப் பிடிக்கும் அழுத்தம், காதோரம் போகும் தண்ணீர்ச் சத்தம், மூச்சின் ஒழுங்கு இவற்றை வைத்து "இது 2:45" என்று உடல் சொல்லவேண்டும்.

கை எண்ணிக்கையும் நல்ல சாட்சி. ஒரு நீளத்துக்கு எத்தனை கை போடுகிறீர்கள் என்று முதல் நூறிலும் கடைசி நூறிலும் எண்ணுங்கள். 25 மீட்டருக்கு 22 கையில் தொடங்கி 23, 24இல் முடிந்தால் வேகத்தைச் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்கள். 29, 30க்குப் போனால், நேரம் என்ன காட்டினாலும் சரி, தொடக்கம் அதிகம். ஒரு நீளத்துக்கான நொடியையும் கை எண்ணிக்கையையும் கூட்டி ஒரே எண்ணாகப் பார்க்கும் வழக்கமும் உண்டு, வாட்சுகள் அதை ஸ்வால்ஃப் என்று காட்டும். உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் அந்த எண் ஒன்றாக வராது, ஆகவே உங்கள் எண்ணை உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நூறுகளை எண்ணுவதற்கு எங்கள் குளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் செய்வதைச் சொல்கிறேன். ஒரு சோப்பு டப்பாவில் பத்துப் புளியங்கொட்டை கொண்டுவருவார். லேன் முடிவில் ஓரக்கல்லின் மேல் இடது பக்கம் பத்தையும் வரிசையாக வைப்பார். ஒவ்வொரு நூறு முடிந்ததும் ஒரு கொட்டையை ஈரக் கையால் வலது பக்கம் தள்ளுவார். அதை எடுத்துவைக்க ஆகும் மூன்று நான்கு நொடியில் கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார். இப்படிச் செய்த முதல் நாள்தான் அதுவரை நூறு மீட்டரைத் தவறவிட்டு எண்ணி வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. 68 வயதில் அவர் 1 கிலோமீட்டர் நீந்துகிறார், பத்து நூறுகளும் ஐந்து நொடி வித்தியாசத்துக்குள். அந்தக் குளத்தில் அவரைவிட வேகமானவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அவரைவிட நன்றாக வேகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

தாங்குவேகம் தெரிந்தபிறகு வாரத்தைப் பிரிப்பது எளிது. 2:42 என்று வைத்துக்கொண்டால், இரண்டு நாள் அதைவிட 10 முதல் 15 நொடி மெதுவாக, 2:52 முதல் 2:57க்குள், கிடையையும் மூச்சையும் கவனித்து நீந்துங்கள். சுவரில் நின்றால் ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் பேச முடியவேண்டும். ஒரு நாள் எட்டு அல்லது பத்து நூறுகள், 2:42இல், 15 முதல் 20 நொடி ஓய்வோடு. அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பினால் கணக்கு சரியாக வரும். இதில் நாலைந்து வார்த்தைக்குமேல் பேச முடியாது. பத்துக்கு ஆறேழு சிரமம் என்று சொல்லலாம். இப்படிச் சிரமத்தை எண்ணால் சொல்வதை முறைப்படுத்தியவர் ஸ்வீடனின் குன்னர் போர்க். அவருடைய அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடியும்; நமக்குப் பத்துக்கு எத்தனை என்பதே போதும். நான்காவது நாளில் பாதி நேரம் நிதானமாகவும், மீதியில் எட்டு இருபத்தைந்துகள் முழு வேகத்திலும் நீந்துங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் முழு ஓய்வு. உங்கள் கிணற்று வேகத்துக்கு உரிய இடம் அதுதான், அதை விட்டுவிட வேண்டாம்.

மெதுவாக நீந்தும் நாட்கள் வீண் என்று தோன்றினால் உலகச் சாதனைகளைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 100 மீட்டர் ஃபிரீஸ்டைலைச் சீனாவின் பான் ஜான்லே 46.40 நொடியில் நீந்திச் சாதனை படைத்தார். அதே ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை அமெரிக்காவின் பாபி ஃபிங்கி 14:30.67இல் நீந்தி அந்தத் தூரத்தின் சாதனையை எடுத்தார். அவருடைய சராசரி 100 மீட்டருக்கு 58 நொடி. உலகின் உச்சத்திலேயே நூறின் வேகத்துக்கும் ஆயிரத்து ஐந்நூறின் வேகத்துக்கும் 11 நொடிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. தூரத்துக்கு ஒரு வேகம் என்பது நம்மைப் போன்றவர்களுக்காகச் சொல்லப்படும் சமாதானம் அல்ல.

நம் ஊர்ப் பருவத்தையும் கணக்கில் எடுங்கள். போட்டிக் குளங்களில் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. நம் ஏப்ரல், மே மாதத்தில் திறந்தவெளிக் குளத்தின் தண்ணீர் அதைத் தாண்டி வெதுவெதுப்பாகிவிடும். உடல் சூடு தண்ணீரில் இறங்காது, அதே சிரமத்தில் நேரம் கூடும். அந்த மாதங்களில் 100 மீட்டருக்கு நாலைந்து நொடி விட்டுக்கொடுத்து, நூறுகளுக்கு நடுவே தண்ணீர் குடியுங்கள். கோடை விடுமுறைப் பேட்ச் குழந்தைகள் லேனை நிறைக்கும் அந்தச் சமயத்தில் சோதனையும் வேண்டாம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் தண்ணீர் சில்லென்று இருக்கும். இறங்கியதும் மூச்சு தானாக வேகமெடுக்கும், கையும் அதோடு சேர்ந்து ஓடும். அன்றைக்கு முதல் 200 மீட்டரை நேரமே பார்க்காமல் விடுங்கள். களியோ பெரிய சாப்பாடோ சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது விட்டு இறங்குங்கள்.

வேகம் பார்க்கிறேன் என்று கே.ஆர்.பி. அணையிலோ ஒகேனக்கல்லிலோ இறங்கவே வேண்டாம். அணையில் சுவரும் இல்லை, அளவும் இல்லை, சேறும் ஆழமும் எங்கே என்று தெரியாது. ஒகேனக்கல்லில் காவிரியின் சுழல் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் இழுத்திருக்கிறது. அதேபோல் மூச்சை அடக்கி நீண்ட முங்கு நீச்சல் போடுவதைப் பயிற்சியாக நினைக்காதீர்கள், எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பும். நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான படபடப்பு, தலைசுற்றல் வந்தால் அந்த நூறை முடிக்கவேண்டும் என்று பார்க்காமல் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நாற்பது தாண்டியவர்கள் முழு வேகச் சோதனைக்கு முன் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. தோள் வலிக்கும் இதே கவனம் வேண்டும். தினமும் முழு மூச்சாக நீந்திய காலத்தில் என் வலது தோள் நான்கு மாதம் என்னைக் கரையில் உட்கார வைத்தது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்தால் போதும். வாராவாரம் செய்தால் அன்றைய தூக்கத்தையும் தண்ணீரின் சூட்டையும்தான் அளப்பீர்கள்.

கடைசியாக உங்கள் நண்பர் விஷயம். 1:45இல் நீந்துபவரோடு முழுத் தூரமும் ஒட்டி நீந்த முயன்றால் பழைய 2:05 திரும்பி வந்துவிடும். முழு வேக இருபத்தைந்துகளை மட்டும் அவரோடு சேர்ந்து போடுங்கள், அதில் போட்டி நல்லது. மற்ற நாள் அவர் தன் நிதான வேகத்தில் 2:40க்கு நீந்தச் சம்மதித்தால் அவர் பின்னால் போகலாம், சீரான வேகம் எப்படி இருக்கும் என்று உடலுக்குத் தெரியும். ஆனால் முன்னால் போகிறவர் தண்ணீரைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் வருபவருக்கு எதிர்ப்பு குறையும். அவர் பாதத்துக்கு அருகே நீந்திய நாளின் நேரங்களை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், சோதனை நேரங்களோடு சேர்க்காதீர்கள்.